நாலு நாளில் மலையும் கடலும்: இந்தப் பயணத்துக்கு நான் வரவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு சுற்றுலா போயாக வேண்டுமாம். மூணாறு, தேக்கடி, ஆலப்புழை. நாலு நாள், மூணு ராத்திரி, இருபத்திரண்டு பேர், ஒரு வேன். "மலையும் வேணும், கடலும் வேணும், ரெண்டும் கேரளாவுல இருக்குது, ஒரே டிரிப்ல முடிச்சுரலாமுங்க" என்று மாப்பிள்ளை குரல்பதிவு போட்டிருந்தார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் மட்டும் "வேண்டாம்" என்று எழுதினேன். "பெரியப்பாவுக்கு வயசாயிருச்சு, முட்டிவலி போல" என்று பதில் வந்தது. சிரிக்கிற பொம்மைகள் பதினொன்று.

முட்டிவலி இருப்பது உண்மைதான். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். பருவக்காற்று எங்கே, எப்போது வரும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். என்னிடம் படித்தவர்களே அந்த அம்புக்குறிக்கு நேர் எதிரே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றால் நான் சும்மா இருப்பது தப்பு. அதனால் குழுவில் சொல்லாமல் இங்கே சொல்கிறேன். இதே திட்டத்தை இன்னும் பத்து வீட்டில் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றுவதற்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள், கடன் வாங்காமல் முடியுமானால் வருஷத்துக்கு இரண்டு முறை கூட்டிப் போங்கள். மே கடைசி வாரத்தில், நாலே நாளில், மலையையும் கடலையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடுவதைத்தான் தப்பு என்கிறேன். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு.

கோவையிலிருந்து உடுமலை, மறையூர் வழியாக மூணாறு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மூணாறிலிருந்து தேக்கடி 95. தேக்கடியிலிருந்து கோட்டயம் வழியாக ஆலப்புழை 150. ஆலப்புழையிலிருந்து கொச்சி, பாலக்காடு வழியாகக் கோவை 245. கூட்டினால் 650 கிலோமீட்டர். இதில் பாதி மலைப்பாதை. சாலை காலியாக இருந்தாலே இருபது மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாலு நாளில் மனிதர்கள் விழித்திருக்கிற நேரம் நாளுக்குப் பதினைந்து மணி என்று வைத்தால் அறுபது. இருபது போனால் நாற்பது. இருபத்திரண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு எழ வேளைக்கு ஒரு மணி நேரம், நாலு நாளுக்குப் பன்னிரண்டு. மீதி இருபத்தெட்டு. காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்ப இரண்டு மணி நேரம் என்று நாலு நாளுக்கு எட்டு. மீதி இருபது. மூன்று விடுதிகளில் அறை எடுத்து, காலி செய்து, பெட்டிகளை ஏற்றி இறக்க மூன்று. மீதி பதினேழு. வழியில் டீக்கும், கழிப்பறைக்கும், யாராவது ஒரு குழந்தை வாந்தி எடுப்பதற்கும் நிறுத்துவது ஐந்து. மீதி பன்னிரண்டு.

இருபது மணி நேரம் சீட்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணி நேரம் பார்க்கப் போகிறீர்கள். அந்தப் பன்னிரண்டிலும் வண்டி நிறுத்த இடம் தேடுவது, டிக்கெட் வரிசை, படகு வரிசை எல்லாம் அடக்கம். ராஜமலையில் வரையாடு பார்க்க நிற்கிற வரிசையில்தான் உங்கள் மூணாறு முடியும். இதற்குத் தலைக்கு எட்டாயிரம் ரூபாய். மளிகைக் கடையில் பத்து ரூபாய் கூடினால் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நம்ம ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை மட்டும் ஏன் போடுவதில்லை?

இரண்டாவது, மழை.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற இயல்பான தேதி ஜூன் 1. எட்டாம் வகுப்பிலேயே படித்தீர்கள். சில வருஷம் முன்னே வரும், சில வருஷம் பின்னே போகும். 2022-இல் மே 29. 2023-இல் ஜூன் 8. 2024-இல் மே 30. 2025-இல் மே 24. நாலு வருஷத்தில் மூன்று வருஷம் மே மாதத்திலேயே வந்துவிட்டது. நீங்கள் போட்டிருக்கிற தேதி சரியாக அதன் வாசலில் நிற்கிறது.

"மழை பெய்ஞ்சா என்னங்க, இன்னும் அழகாத்தான இருக்கும்" என்பீர்கள். கோவையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை வைத்து அந்த மழையை எடை போடாதீர்கள். நாம் மழை மறைவுப் பகுதிக்காரர்கள். மலைக்கு இந்தப்புறம் நமக்கு வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் கிடைத்தாலே நல்ல வருஷம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் சராசரி ஏறத்தாழ 3,000. நமக்கு மாதக்கணக்கில் வருவது அங்கே ஓரிரு நாளில் கொட்டிவிடும். செங்குத்துச் சரிவில், மரத்தை வெட்டித் தேயிலை வைத்து, சாலை போட, விடுதி கட்ட அடிவாரத்தையும் வெட்டிய மலையில் அப்படிக் கொட்டினால் மண் நிற்காது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த லயன் வீடுகளை மூடியது. எழுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், நம்ம ஆட்கள். நீங்கள் வரையாட்டோடு படம் எடுக்கப் போகிற ராஜமலைக்கு அருகில்தான் அந்த இடம். 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

"அதெல்லாம் ஜூலை, ஆகஸ்டு, நாங்க போறது மே" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். சரி. 2025 மே 25 அன்று என்ன நடந்தது? நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. சுற்றுலா இடங்களை மூடினார்கள். ஊட்டி, கூடலூர் சாலையில் மரம் விழுந்து, குடும்பத்தோடு சுற்றுலா வந்த கேரளத்துப் பையன் ஒருவன் இறந்துபோனான். பதினைந்து வயது. அதே நாளில் கொச்சிக்கு அப்பால் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. கொள்கலன்கள் கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் ஒதுங்கின, யாரும் தொடக் கூடாது என்று அறிவித்தார்கள். மலைக்குப் போனவன் அறைக்குள்ளே உட்கார்ந்திருந்தான், கடலுக்குப் போனவன் கரைக்கே போக முடியவில்லை. மே மாதக் கடைசி வாரம்தான் அது.

மூன்றாவது, கடல்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கிணறு தெரியும், வாய்க்கால் தெரியும், கடல் தெரியாது. வருத்தப்படாதீர்கள், எனக்கும் தெரியாது. எனக்கு முதன்முதலில் கடலைப் பார்த்தபோது இருபத்து மூன்று வயது. தெரியாதவன் பயப்பட வேண்டும். நாம் பயப்படுவதில்லை, முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்று படம் எடுக்கிறோம்.

மலையாளக் கரை மீனவர்கள் "கள்ளக்கடல்" என்று ஒன்றைச் சொல்வார்கள். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ புயல் அடிக்கும். அது கிளப்பிய நீண்ட அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் வெறிச்சென்று இருக்கும், காற்று இருக்காது, மேகம் இருக்காது. கடல் திடீரென்று ஏறி உள்ளே வரும். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். படித்த பிள்ளைகள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் அப்படியே கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனார்கள்.

அந்த "அப்படியே" என்ற வார்த்தைதான் என் பயம். தனியாகக் கடலுக்கென்று போகிறவன் எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்பான், கரையில் இருப்பவர்களை விசாரிப்பான், இன்று சரியில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்வான். நாலு நாள் திட்டக்காரனுக்கு நாளை இல்லை. ஆலப்புழைக்கு ஒதுக்கியதே மூன்று மணி நேரம். சிவப்புக்கொடி பறந்தாலும் "இவ்வளவு தூரம் வந்துட்டு கால் நனைக்காமப் போறதா" என்று இறங்கத்தான் செய்வான்.

ஆற்றுக்கும் இதேதான். 2023 அக்டோபரில் வால்பாறை சோலையாற்றில் குளிக்க இறங்கிய நம்ம கோவைக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் திரும்பவில்லை. மலையாறு மேலே பார்க்கச் சலனமில்லாமல் இருக்கும், அடியில் பாறைக்குழியும் சுழலும் இருக்கும். இறங்குகிறவனுக்கு அந்த ஊர் தெரியாது, ஊரைத் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

நாலாவது, ஓட்டுநர்.

முதலில் சொன்ன கணக்கைக் குழுவில் போட்டதும் மாப்பிள்ளை ஒரு தீர்வு சொன்னார். "போறதும் வர்றதும் ராத்திரியில வெச்சுக்கலாமுங்க. பகல் பூரா மிச்சம். ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்." எல்லோரும் மறுபடியும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்த இடத்தில்தான் இந்தப் பதிவை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஐம்பத்திரண்டு மாணவர்கள், நாலு ஆசிரியர்கள், ஒரு பேருந்து. கொடைக்கானல், மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி. மூன்று நாள். திட்டம் போட்டது நான்தான். அன்றைக்கு எனக்கும் மலையும் கடலும் ஒரே மூச்சில் வேண்டும். கூடவே தலைக்கு இருபது ரூபாய் குறைத்துக் காட்ட வேண்டும். அதனால் இரண்டு ராத்திரிப் பயணம் வைத்தேன். மாணவர்களுக்குச் சத்திரம் பார்த்தேன், எங்களுக்கு அறை பார்த்தேன். ஓட்டுநருக்கு ஒன்றும் பார்க்கவில்லை. அவர் பகலில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். வைகாசி வெயிலில், நிறுத்துமிடத்தில் நிற்கிற தகரப் பேருந்துக்குள் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் ராத்திரி, விடிகாலை மூன்றரை மணி சுமாருக்கு, திண்டுக்கல் தாண்டி, பேருந்து சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. நான் முன் சீட்டில் இருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு புளியமரம் நேராக வந்தது. அவர் எப்படியோ விழித்துப் பிரேக்கை மிதித்தார். மரத்துக்கு நாலடி முன்னால் நின்றோம். யாருக்கும் அடி இல்லை. உங்களில் சிலர் அந்த வண்டியில் இருந்தவர்கள். "என்னங்க சார், ஊர் வந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். "டீ குடிக்க நிறுத்தியிருக்குது, தூங்கு" என்றேன். திரும்பத் தூங்கிவிட்டீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

நான் அவரைக் கத்தினேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "சார், மூணு நாளா நான் எங்க படுத்தேன்னு நீங்க ஒரு தடவயாவது பாத்தீங்களா?" நான் பதில் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் விசாரித்தார்கள். ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று எழுதிக் கொடுத்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் திட்டத்தை எழுதிய கை என்னுடையது என்று நானும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இங்கே எழுதுவது அவருக்குப் போய்ச் சேராது. உங்களுக்காவது சேரட்டும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்பது அதில் பொது விதியாக இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. நம் குடும்பச் சுற்றுலாவில் ஓட்டுநர் காலை ஐந்து மணிக்கு வண்டியைத் துடைப்பார், பகலெல்லாம் நாலு இடம் காட்டுவார், ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணா, கிளம்பலாமா?" என்று கேட்டால் கிளம்புவார். சாப்பாடு மட்டும் தாராளமாக வாங்கிக் கொடுப்போம். வயிறு நிறைந்தால் தூக்கம்தான் வரும். மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டி விளக்கைப் பார்த்துக்கொண்டு இறங்குகிற ஒருவருக்குக் கண் ஒரு நொடி மூடினால் போதும். பின்னால் இருபத்திரண்டு பேர் பாட்டுப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை, நீங்கள் மிச்சம் பிடித்த ஒரு நாள் அறை வாடகை எவ்வளவு என்று மறுபடியும் பாருங்கள்.

ஐந்தாவது, தண்ணீர்.

இது உங்கள் உயிரைப் பற்றியது மட்டுமில்லை. அந்த மலை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? "கேரளாக்காரனுது" என்பீர்கள். கோவை குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்து வருகிறது. பவானி நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடிக்குள் போய், திரும்பி நம்மிடம் வருகிறது. பொள்ளாச்சித் தென்னைக்குப் பாய்கிற பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் ஆனைமலைத் தண்ணீர். மூணாறு போகிற வழியில் மறையூர் தாண்டி நீங்கள் ஜன்னல் வழியே ஒரு பாட்டிலை எறிந்தால், அது ஓடையில் விழுந்து, பாம்பாற்றில் சேர்ந்து, நேராக அமராவதி அணைக்கு வரும். அந்தத் தண்ணீர் உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் கரூருக்கும் போகும். சுற்றுலாவில் எறிந்தது உங்கள் மச்சான் வயலுக்கே வந்து சேரும்.

நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிற ஏற்பாடு 2022-இல் வந்தது. ஏன் வந்தது? உடைத்துப் போட்ட கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததும் உயர் நீதிமன்றம் சொல்லித்தான். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கையே வைத்தார்கள். நம் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், "இத்தனை பேருக்கு மேல் வராதே" என்று நீதிபதி கதவில் நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டாமா? "இ-பாஸ் தொல்லை, அதான் கேரளா போறோம்" என்று நீங்கள் சொல்லும்போது, இங்கே நிறைந்து வழிந்ததை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

"பிள்ளைகளுக்கு அப்பத்தானுங்க லீவு." கோடை விடுமுறை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. பொங்கல் இருக்கிறது. கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போட்டது நாம். அதற்குப் பருவமழை பொறுப்பாகாது.

"சுற்றுலா இல்லாட்டி அந்த ஊர்க்காரங்க எப்படிப் பிழைப்பாங்க?" நல்ல கேள்வி. உண்மையான கேள்வியும்கூட. ஒரே ஊரில் மூன்று நாள் தங்குகிறவன் அங்கே மூன்று நாள் சாப்பிடுகிறான், ஜீப்பு எடுக்கிறான், சந்தையில் வாங்குகிறான். பறந்துகொண்டே போகிறவன் ஊரிலிருந்து கட்டிவந்த புளிசாதத்தைச் சாலையோரம் சாப்பிட்டு, இலையையும் கவரையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறான். அந்த ஊருக்கு அவனால் குப்பை மட்டும்தான்.

"அட்வான்ஸ் கட்டியாச்சு." போகட்டும். சில ஆயிரம்தானே. தேதியை மாற்றிக் கேட்டால் பல விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கும் அது பழக்கம்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வழி காட்டாமல் போனால் நான் வாத்தியார் இல்லை. என் யோசனை இது.

மே கடைசியிலேயே மலை வேண்டுமென்றால், பருவமழை நேராக மோதாத கிழக்கு மலைகளுக்குப் போங்கள். ஏற்காடு இருக்கிறது. நம் நாமக்கல்லில் கொல்லிமலை இருக்கிறது, எழுபது கொண்டை ஊசி வளைவு. பகலில் ஏறுங்கள், இரண்டு ராத்திரி தங்குங்கள், பகலில் இறங்குங்கள். கடல் வேண்டுமென்றால் தரங்கம்பாடி போங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. வெயில் கடுமையாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். விடிகாலையும் சாயங்காலமும் கரையில் நடந்துவிட்டு, மதியம் அறையில் தூங்குங்கள். ஜூன் 14 வரை அந்தப் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்கும், வலை பின்னுகிறவர்களோடு பேச நேரம் கிடைக்கும். குழந்தைகள் அதைப் பார்க்கட்டும்.

கேரளம்தான் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியிலோ தையிலோ போங்கள். மலை என்றால் மலை மட்டும், கடல் என்றால் கடல் மட்டும். ஆலப்புழைக்கு வேன் எதற்கு? கோவையில் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் எர்ணாகுளம். பாலக்காட்டுக் கணவாய் நெடுக ஜன்னலோரம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். காய்ந்த நிலம் எப்படிப் பச்சையாக மாறுகிறது என்று நான் ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடுவார்கள். மழையைப் பார்க்கவே போகிறேன் என்றால் அதுவும் நல்ல ஆசைதான். வானிலை அறிக்கை பார்த்து, பாதுகாப்பான சமவெளியில் ஓர் இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பாருங்கள்.

எங்கே போனாலும் மூன்றே விதி. ராத்திரியில் மலையில் வண்டி ஓடக் கூடாது. ஓட்டுநருக்குத் தனி அறை, எட்டு மணி நேரத் தூக்கம், அவர் "முடியாது" என்றால் அதற்கு மறுபேச்சு இல்லை. கொண்டுபோன குப்பை வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பருவமழை கேரளத்தைத் தொட்டதும் கணவாய் வழியே நமக்குக் காற்று வரும். பொள்ளாச்சியில் சாரல் அடிக்கும், ஆழியாறு பக்கம் மலை முழுக்க மேகம் இறங்கி நிற்கும், உடுமலையில் காற்றாலைகள் சுற்ற ஆரம்பிக்கும். நீங்கள் அறுநூற்றைம்பது கிலோமீட்டர் தேடிப் போகிற குளிர் அந்த வாரம் நம் தோட்டத்துக் களத்துக்கே வந்துவிடும். எங்கள் காலத்தில் கோடை முடிவது என்றால் அதுதான். அப்பிச்சி வீட்டுத் திண்ணையில் கட்டில் போட்டு அந்தக் காற்றுக்குப் படுத்துக் கிடப்போம்.

மாப்பிள்ளை, உங்களை அவமானப்படுத்த இதை எழுதவில்லை. எல்லோரையும் ஒன்று சேர்த்து வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று இந்தக் குடும்பத்தில் நினைக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மனசுக்கு நான் கடமைப்பட்டவன். தேதியை மாற்றுங்கள், இரண்டில் ஒன்றைக் குறையுங்கள், முட்டிவலியோடு நானும் வருகிறேன். ஓட்டுநர் அறைக்கான வாடகை, எத்தனை நாளானாலும், என் பென்ஷனிலிருந்து. அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு காலத்தில் கொடுக்காமல் விட்டேன்.

மாற்ற முடியாது என்றால் போய் வாருங்கள். நான் வரவில்லை. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். ஆழியாறு வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சிவப்பு மையில் திருத்துவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்